ஒன்பதாவது பசி

1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, புதன்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, செம்மணல்குறிச்சி தர்ம ஆஸ்பத்திரி மாடியில் புற்றுநோய்க்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒன்பது குழந்தைகளின் பசியும் கட்டில்களைவிட்டு இறங்கி, வராந்தாவைக் கடந்து, படி வழியாகத் தெருவுக்குப் போய்விட்டன. படியைத் துடைத்துக்கொண்டிருந்த தெரசம்மாளின் கணுக்காலில் ஒன்பது முறை ஏதோ உரசிப் போனது. பிள்ளைகள்தான் ஓடுகின்றன என்று நினைத்து, ஈரமாகக் கிடக்கிறது, பையப் போங்கள் என்று சொல்லி வாளியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டதாக அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை. பசி போகிறது என்று தெரிந்திருந்தால் மட்டும் எதைக் கொண்டு மறித்திருப்பாள்?

அதே நேரத்தில் ஊரின் மறுகோடியில், கல்யாண மண்டபத்துக் கோட்டை அடுப்புகளுக்கு நடுவே, ஆடி கழிந்து வந்த முதல் முகூர்த்தத்துக்கு எழுநூறு இலைக்குச் சமைத்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்குப் பசித்தது. அவருக்கு வயது ஐம்பத்தொன்று. சைவச் சமையலுக்கு அந்த வட்டாரத்தில் அவர் பெயரைச் சொல்லிவிட்டால் சம்பந்தி வீட்டார் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான கல்யாணங்களுக்குச் சமைத்தவர், தன் கல்யாணத்துக்கு நாள் பார்க்கத்தான் நேரம் வாய்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் புகையையும் தாளிப்பு வாசனையையும் குடித்துக் குடித்து அவருக்குப் பசி என்பதே அற்றுப்போயிருந்தது. சாயங்காலம் ஒரு பிடி சோற்றை மோரில் கரைத்துக் குடிப்பார், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறமாதிரி. அதனால் வயிற்றுக்குள் எழுந்தது என்னவென்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை. வாயு என்று நினைத்துச் சுக்குத் தட்டச் சொன்னார். சுக்கு நீர் உள்ளே போன பிறகும் அது அடங்காமல் சிணுங்கியபோது, பந்திக்கு வார்த்து வைத்திருந்த தோசைகளில் நான்கை எடுத்து, முறுகலான ஓரத்தை மட்டும் சுற்றிலும் கிள்ளித் தின்று, நடுவை அப்படியே வைத்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் பார்த்தார்கள். அண்ணாச்சி பதம் பார்க்கிறார் என்று இருந்துவிட்டார்கள்.

பந்தி முடிந்து அவர் பஸ் ஸ்டாண்டு வழியாக வீட்டுக்கு நடந்தபோது கருவாட்டுக் கூடைகளின் முன்னால் கால் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து மீன் வாடை பட்டால் மூக்கைப் பொத்துகிற மனிதர். சுட்ட நெத்திலியும் சூடான கஞ்சியும் வேண்டும் என்று வயிறு கேட்டது; பேர் சொல்லிக் கேட்டது. தன் சமையல் பாத்திரக் கொட்டகையைச் சுற்றும் பூனைக்கு என்று கூடைக்காரியிடம் பொய் சொல்லி ஒரு பொட்டலம் வாங்கினார். அன்று பிற்பகல், கொட்டகையின் கதவைச் சாத்தி, இரும்புச் சட்டியில் கரி மூட்டி, புகை வெளியேறாமல் இருக்கப் பாயச அண்டாவைச் சாய்த்து மறைத்துக்கொண்டு, ஆவுடையப்பன் தன் வாழ்நாளில் முதல் கருவாட்டைச் சுட்டுத் தின்றார். தின்று முடித்து விரலைச் சப்பினார். பிறகு கொஞ்ச நேரம், எதற்கென்று தெரியாமல், அழுதார்.

ஊரில் அந்த ஆவணி முழுக்க இப்படித்தான் இருந்தது. பாங்கில் வரிசை நிற்கும்போது காசாளர் மேஜைக்கடியில் குனிந்து உள்ளங்கையில் ஹார்லிக்ஸ் தூளைக் கொட்டி நக்கினார். உடன்குடி பஸ்ஸின் கண்டக்டர் வாழைப்பழத்தைச் சீனியில் தொட்டுத் தந்தால்தான் விசில் ஊதுவேன் என்று அடம்பிடித்தார். ஏட்டு குருசுமுத்து, ஐந்தரை அடி உயரம், மேலுதட்டை மூடிய மீசை, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய புத்தகப் பைக்கூட்டிலிருந்து சிலேட்டுக் குச்சியை எடுத்துக் கடித்துத் தின்றதைப் பள்ளிக்கூடமே பார்த்தது. யாருக்கும் இது பெரிய அதிசயமாகப் படவில்லை. வைசூரி வந்த வருஷம், புயல் வந்த வருஷம் என்பதுபோலப் பிள்ளைகளின் பசி வந்த வருஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். பசி வந்திருக்கிறவர்கள் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டாம், நேரே மாடிக்குப் போகலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். மாதா கோவிலிலும் பள்ளிவாசலிலும் அதையே வாசித்தார்கள்.

ஏன் போயின என்பதற்கு ஊர் மூன்று காரணம் சொன்னது. மருந்து நாக்கில் இரும்பின் ருசியை ஏற்றிவிட்டது, வாயெல்லாம் புண், நோய்க்குத் தீனி போடுகிறோமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே வீட்டார் பிள்ளைகளை மாதக்கணக்கில் நீராகாரத்தில் வைத்திருந்தார்கள். மூன்றுமே சரி என்றார் பெரிய டாக்டரம்மா. காரணத்தை எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, பிள்ளைகள் இளைத்துக்கொண்டு போகின்றன என்றார்.

வார்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் பெனடிக்டா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஒவ்வொரு தாயிடமும் பிள்ளை முன்பு எதை விரும்பித் தின்றது, எப்படித் தின்றது என்று கேட்டு எழுதினார். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது பக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சலித்தார். சிலேட்டுக் குச்சி தின்ற பசி மூன்றாம் கட்டில் அந்தோணிக்குட்டியுடையது என்று தெரிந்து ஏட்டைக் கூட்டி வந்தார்கள். பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஏட்டு தின்றார், பிள்ளை பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள், சும்மா இருக்கப் பொறுக்காமல், ஏட்டு பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து, காக்கிச் சட்டையின் ஓரத்தால் மூடி, துணியோடு சேர்த்து நறுக்கென்று கடித்து, பாதியைப் பிள்ளையிடம் நீட்டினார். எச்சில் படாமல் பங்கு வைக்கிற காக்காக் கடி. பள்ளிக்கூடம் போன எல்லோரும் கடித்ததுதான். பிள்ளை வாங்கி மென்றது. மென்று முடித்து இட்லி கேட்டது. ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு, தனக்கு இப்போது புரோட்டா தின்ன வேண்டும்போல இருக்கிறது என்றார்.

வழி தெரிந்துவிட்டது. சட்டைத் துணியெல்லாம் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லி, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியைக் கொதிக்க வைத்து, துண்டு துண்டாக வெட்டி வைத்தார். வருகிறவர்கள் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் கட்டில் பக்கம் போக வேண்டும். தீபாவளிக்குள் எட்டுப் பசிகள் வீடு திரும்பிவிட்டன. கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு நஷ்டமில்லை. அவரவருக்கு அவரவர் பசி உள்ளே இருந்தது.

ஒன்பதாவது பக்கத்தில் கோமு என்று எழுதியிருந்தது. நாலு வயது, ரத்தப் புற்றுநோய், தாய் சண்முகவடிவு, உப்பளத்தில் கூலி. தோசையில் ஓரம் மட்டும். சுட்ட நெத்திலியும் கஞ்சியும்.

இந்தப் பக்கத்தைத்தான் சிஸ்டர் ஆவுடையப்பனிடம் கொண்டுவந்து காட்டினார். அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. ஊரில் பந்தி தவறாமல் நிற்கிறவர் என்பதால்.

"ஊர் வாயெல்லாம் பாத்தவரு நீங்க, அண்ணாச்சி," என்றார். "புதுசா யாரு கருவாடு கேக்கான்னு உங்களுக்குத் தெரியாமலா போகும்?"

ஆவுடையப்பன் நோட்டை வாங்கிப் படித்தார். விசாரிக்கிறேன் என்று சொன்னார். சொன்னபடியே விசாரிக்கவும் செய்தார். தபால்காரரைச் சொன்னார், மர அறுவைப் பட்டறைக் கணக்குப்பிள்ளையைச் சொன்னார், மேலத் தெருவில் புதிதாகக் குடிவந்தவரைச் சொன்னார். சிஸ்டர் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டுக் களைத்துத் திரும்பினார். சைவச் சமையல்காரர் கருவாடு தின்கிறார் என்று வெளியே தெரிந்தால் எந்தக் கல்யாண வீட்டு அடுப்பையும் இனி அவர் தொட முடியாது என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருந்தது. அவருக்குக் காலையில் விழிப்பு வரும்போதே பசித்தது. பசிக்கிற மனிதனுக்கு விடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சோறு வெந்த வாசனை அவருக்குத் தெரிந்தது; உப்பு எங்கே முடிந்து புளி எங்கே ஆரம்பிக்கிறது என்பது நாக்கில் தெரிந்தது; அவர் வைத்த சாம்பாரில் காரம் குறைந்து, பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிற பதம் வந்திருந்தது. இந்தப் பசியைக் கொடுத்துவிட்டால் அடியில் அவருடையது என்று எதுவும் இல்லை. ஏட்டுக்குப் புரோட்டா இருந்தது. இவருக்கு மோர் சோறுதான்.

பாத்திரக் கொட்டகையைச் சுற்றிப் பூனைகள் சேர்ந்தன. முதலில் நாலு, தீபாவளி வாக்கில் பதினேழு. கூரையிலும் சுவரிலும் படுத்துக்கொண்டு கதவையே பார்த்தன. ஊர் பார்த்தது; அண்ணாச்சி கை பால் பாயச வாசனைக்குப் பூனையும் மயங்கும் என்று பெருமையாகச் சொன்னது.

நவம்பர் 11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, சிஸ்டர் அவரை வார்டுக்கே வரச் சொன்னார். பிள்ளையை நேரில் பார்த்தால் ஏதாவது தோன்றலாம் என்றார். வெள்ளிக்கிழமை எடை பார்க்கிற நாள். டிசம்பர் இரண்டாம் தேதிக்குள் கோமு பத்து கிலோவைத் தொட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உடம்பில் சதை இல்லாமல் அடுத்த மருந்தைக் கொடுத்தால் மருந்து கொண்டுபோய்விடும். கொடுக்காமல் இருந்தால் நோய் கொண்டுபோய்விடும். மூக்கில் போட்ட குழாய் வழியாக மூன்று மாதமாகப் பால் போய்க்கொண்டிருந்தது. போனதில் பாதி திரும்பி வந்தது.

ஆவுடையப்பன் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பாயசத்தோடு போனார். சண்முகவடிவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினுக்கு வந்தாள். உப்பு வெயிலில் கறுத்த, எலும்பு தெரிகிற பெண். பிள்ளை சாப்பிடாத அன்றெல்லாம் அவளும் சாப்பிடுவதில்லை என்று வார்டில் சொன்னார்கள். மெஷின் முள் பத்து கிலோ இருநூறில் நின்றது. மற்றத் தாய்மார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டரும் ஒரு கணம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, கோமுவின் கவுனைத் தடவிப் பார்த்து, விளிம்பில் தைத்திருந்த நூலைப் பிரித்தார். உள்ளே கல் உப்பு. சிறு சிறு முடிச்சாக, எண்ணூறு கிராம்.

சிஸ்டர் திட்டவில்லை. மருந்தை இந்த எடைக்குத்தான் அளந்து ஊற்றுவார்கள், பொய்யான எடைக்கு ஊற்றினால் பிள்ளை தாங்காது என்று மட்டும் சொன்னார்.

சண்முகவடிவு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கல்லு வைக்க மனசு வரல, சிஸ்டர்," என்றாள். "உப்புன்னா மனுச உடம்புல இருக்கதுதானேன்னு வச்சேன்."

முடிச்சுகளை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தார்கள். ஒன்பது கிலோ நானூறு.

திரும்பிக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கோமு தாயின் தோளுக்கு மேலாக ஆவுடையப்பனைப் பார்த்தாள். முடி இல்லாத சின்னத் தலை, குழாய் ஒட்டிய கன்னம். சமையல் வாசனை பட்டாலே குமட்டுகிற பிள்ளை என்று அவரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் குமட்டவில்லை. மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள்.

"ஒங்க மேல எங்க வீட்டு வாசம் அடிக்கு," என்றாள்.

பாயசத் தூக்கை வராந்தாவிலேயே வைத்துவிட்டு ஆவுடையப்பன் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சனிக்கிழமையும் அதுவுமாக, அவர் பஸ் ஸ்டாண்டுக் கூடை முன்னால் நின்று, இந்த முறை பூனையின் பெயரைச் சொல்லாமல், நல்ல நெத்திலியாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார். எதிர்த்த ஜவுளிக் கடையில் மறுநாள் கல்யாண வீட்டுக்காரர், இவரை நம்பி ஆயிரம் பத்திரிகை கொடுத்தவர், வேட்டி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அண்ணாச்சி கையில் என்று அவர் கேட்டதற்குக் கருவாடு என்றார். யாருக்கு என்றதற்கு, எனக்குத்தான், ஆவணி பிறந்ததிலிருந்து எனக்குத்தான் என்றார். கடையில் துணி விரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவர் கொட்டகைக்குப் போய்க் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு சுட்டார். அன்று காலை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. பசியை அதன் வீட்டில் விடும்போது அது நன்றாகப் பசித்திருக்க வேண்டும் என்று நினைத்தார். சுடச்சுட வாழையிலையில் பொதிந்துகொண்டு, பூனைகள் பின்தொடர, கடைத்தெரு நடுவே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பூனைகள் நின்றுகொண்டன. அவற்றுக்கு அனுமதி இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

சிஸ்டர் பெனடிக்டா பொதியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து அவர் பெயரை எழுதினார். உப்புத் தண்ணீர் கொடுத்தார். காஸ் துணி கொடுத்தார். நெருப்பில் சுட்டதுதானே, கிருமி இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சண்முகவடிவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். வார்டில் இருந்த மற்ற எட்டுத் தாய்மாரும் எழுந்து வந்தார்கள்.

"மூணு மாசமா எம் பிள்ள பசிய நீங்களா வச்சிருந்திய?"

"ஆமா, தாயி."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்." அவர் இலைப் பொதியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஆனா நல்லா வச்சிருந்தேன். ஒரு வேளகூடப் பட்டினி போடல."

அவள் அவரை அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அதற்காகத்தான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கிய கையால் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆவுடையப்பன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு நெத்திலியை எடுத்துத் துணியில் சுற்றினார். சுற்றிய பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார், சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. பிறகு கடித்தார். துணியைப் பிரித்துப் பாதியைக் கோமுவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை முகர்ந்து, நுனி நாக்கால் உப்பைத் தொட்டுப் பார்த்து, வாயில் போட்டு மென்றாள். மூன்று மாதமாக எதையும் மெல்லாத தாடை, மெதுவாகத்தான் அசைந்தது. விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. எல்லோரும் வாந்திக்காகக் காத்திருந்தார்கள். சிஸ்டர் கிண்ணத்தைத் தயாராகப் பிடித்திருந்தார்.

"கஞ்சி எங்க?" என்றாள் கோமு.

சண்முகவடிவு கஞ்சிக்கு ஓடினாள். ஓடும்போது யாரிடம் என்றில்லாமல் சிரித்துக்கொண்டே திட்டினாள். ஆவுடையப்பனுக்கு, வயிற்றுக்குள் எரிந்த விளக்கை யாரோ மேல்படிக்கு எடுத்துக்கொண்டு போய், கீழே இருட்டானதுபோல இருந்தது. கையில் மிச்சமிருந்த பாதி நெத்திலி நாறியது. அவர் அதை இலையில் வைத்து மடித்து, கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு நாசரேத்திலிருந்து வேறு ஆளை அவசரமாகக் கூட்டி வந்தார்கள். ரசம் தண்ணீர், வடை கல் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். டிசம்பர் 2ஆம் தேதி கோமுவின் எடை பத்து கிலோ ஐம்பது கிராம் இருந்தது, கவுனைத் தடவிப் பார்த்து எழுதியது. அன்று மாலையே மருந்தை ஆரம்பித்தார்கள். தை, மாசி, பங்குனி முகூர்த்தங்களுக்கு ஆவுடையப்பனை யாரும் கூப்பிடவில்லை. அந்த மூன்று மாதமும் அவர் வார்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்தார். அவர் நாக்கு பழையபடி செத்துப்போயிருந்தது. ஆனால் கோமுவின் பசி எதை எப்படிக் கேட்டது என்பது அவருக்கு மறக்கவில்லை. முட்டையைக் கஞ்சியில் தெரியாமல் கரைப்பதும், புண் வாய்க்கு ஆற வைத்துக் கொடுப்பதும், வேர்க்கடலையை மாவாக்கித் தோசையில் கலந்து ஓரத்தை மட்டும் முறுக விடுவதும் அந்த ஞாபகத்திலிருந்துதான். வைகாசியில் ஒரு வீட்டார், பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய சாம்பாரை நினைத்து, கருவாட்டை மறந்து, வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். அதன் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அவர் கடைசிவரை மோர் சோறுதான் குடித்தார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி மூன்று மாடி. கருவாட்டுக் கூடைகள் இருந்த இடத்தில் செல்போன் கடை. ஏட்டு குருசுமுத்து பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது அவர்களுடைய பைக்கூட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார். அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் எல்லோருக்கும் குரல் தணிந்துவிடும். ஒரு பிள்ளையின் பசி தங்கிப்போன வயிறு என்று ஊரில் ஒன்பதுதான் இருந்தது, கேட்டால் முப்பது பேர் எனக்கும் வந்தது என்கிறார்கள். பசி திரும்பியதால் நோய் போய்விடவில்லை. ஒன்பது பிள்ளைகளில் மூன்று பேர் அடுத்த ஆண்டு மழைக்காலத்துக்குள் இறந்துபோனார்கள். மூன்றாம் கட்டில் அந்தோணிக்குட்டி அவர்களில் ஒருவன். அவன் இறந்த அன்று காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டான் என்று அவன் தாய் சொன்னாள். அதை அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

1997ஆம் ஆண்டு ஜூன் 9, திங்கட்கிழமை, கோமு செம்மணல்குறிச்சி நடுத்தெருத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். எடை பதினேழு கிலோ இருநூறு கிராம். அன்று மதியம் சத்துணவில் சோறு வாங்கித் தின்றுவிட்டு, தட்டைக் கழுவாமல் மறுபடி வரிசையில் போய் நின்றாள், போட்டார்கள்.